எக்ஸ்ரேயில் சுத்தமாக இருந்த நெஞ்சு

என் மகளின் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சர்ச்சில் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, சபை முழுக்கக் கேட்கச் சாட்சி சொன்னவள் நான். பக்கத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேச எந்தத் தாய் யாரிடம் பெர்மிஷன் வாங்குகிறாள்?

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்ல வேண்டும். மகனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, மூட்டுவலி நின்றது, காணாமல் போன ஆடு திரும்பி வந்தது, எதுவும் சொல்லலாம். கேட்கிறவர்கள் ஸ்தோத்திரம் என்பார்கள். எனக்குச் சொல்லவா வேண்டும்? வாய் நீளம் என்று பேர் வாங்கினவள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் யு.கே.ஜி. டீச்சராகப் பதினாறு வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஊரான் பிள்ளைகள் அழுதால் பசியா, வயிற்று வலியா, வீட்டில் அடி விழுந்ததா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் வீட்டுப் பிள்ளை வாயைத் திறந்து சொல்லியும் எனக்குப் புரியவில்லை.

ஒரே மகள். அப்போது பதினேழு வயது, செகண்ட் பி.யு.சி., அதாவது பிளஸ் டூ. நாங்கள் மைசூர் மைன்ஸ் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறோம். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அவள் படிக்கட்டும் என்று வீட்டுக்காரர் பின்பக்கம் ஷீட் போட்டு, டின் கதவு வைத்து ஒரு சின்ன ரூம் எழுப்பியிருந்தார். அவருக்கு பெங்களூரில் வேலை. விடியற்காலை ரயிலுக்குப் போனால் இருட்டித்தான் வருவார்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் வந்து சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மூச்சு முட்டுது."

என் கையிலிருந்து கொத்தமல்லி விழுந்துவிட்டது. ஏன் என்று சொன்னால்தான் புரியும். எங்கள் ஊரில் சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்து எடுத்துவிட்டு மிச்ச மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சயனைடு மேடு என்போம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். இங்கே மேடே பறக்கும். சோற்றில், தலையணையில், நாக்கில் எல்லாம் மண். அதோடு, மூச்சு முட்டியே செத்தவர் என் அப்பா, என் நைனா.

நைனாவுக்கு அண்டர்கிரவுண்டில் பாறை துளைக்கிற வேலை. பாறைத்தூள் நெஞ்சில் படிந்துகொண்டே வந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேலே சர்ஃபேஸ் வேலைக்கு மாற்றிவிடுவார்கள், அண்டர்கிரவுண்ட் ஆள் என்கிற கெத்து போய்விடும். இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். எங்கள் லைனிலிருந்து மேட்டுக்கு ஏறுகிற ரோட்டில் பாதியில் நின்று, குனிந்து, செருப்பைச் சரிசெய்வார். ஷிஃப்டுக்குப் போகிற மற்றவர்கள் தாண்டிப் போன பிறகு மெதுவாக நிமிர்வார். நான் ஸ்கூல் பையோடு பின்னாலேயே போவேன். "இன்னா நைனா, லேஸ் அவுந்துச்சா?" என்று கேட்டிருக்கிறேன். ரப்பர் செருப்புக்கு ஏது லேஸ்? "ஒண்ணும் இல்லம்மா," என்பார். சாகிற வாரம் வரைக்கும் அதையேதான் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

அதனால்தான் மகள் மூச்சு என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. ஜன்னலெல்லாம் ஈரச்சாக்கு கட்டினேன். ஆவி பிடிக்க வைத்தேன். ஓமம், துளசி, மிளகு என்று கஷாயம் வைத்துத் தலையைப் பிடித்து ஊற்றினேன். அவள் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"தூசி இல்லம்மா. காலைல காலேஜ் பஸ்ஸ நெனச்சாலே ஹார்ட் படபடன்னு அடிச்சிக்குது. கை ஜில்லுன்னு ஆயிடுது. அங்கியே செத்துடுவேன்னு தோணுது. இதுக்கு பேரு ஆங்ஸைட்டி. கவுன்சிலர் யார்கிட்டயாச்சும் கூட்டிட்டு போம்மா, ப்ளீஸ்."

"இன்னாத்துக்குடி ஆங்ஸைட்டி உனக்கு? நீ இன்னா சுரங்கத்துல கேஜ்ல எறங்கி மூவாயிரம் அடி கீழ போறியா? சோறு வடிச்சுப் போட ஆள் கீது, துணி தோய்க்க ஆள் கீது. பதினேழு வயசுல இன்னா கவல?"

"அதாம்மா எனக்கும் தெரியல."

"தெரியாததுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போவாங்களா?"

எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே அன்றைக்குப் பெருமை. தெரியாததற்குத்தானே டாக்டரிடம் போவது? என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சவரம் பண்ணிக்கொண்டே கேட்டார். "நான் டெய்லி ஒத்தக் கால்ல நின்னுகினு பெங்களூர் போய் வரேன். எனக்கு வராத டென்ஷன் இவுளுக்கு எங்கேந்து வருது? எல்லாம் அந்த போன்ல பாத்துட்டுப் பேசறா. புடுங்கி உள்ள வை, சரியாப் பூடும்."

புடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினோம். மூச்சு முட்டுவது நிற்கவில்லை. அவள் எங்களோடு பேசுவதுதான் குறைந்தது. இரண்டு பேரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு நாள் காலேஜிலிருந்து போன் வந்தது. மகள் கிளாஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். யு.கே.ஜி.யை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அங்கிருந்து நேராக ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரிடம். போனதும் நானே முந்திக்கொண்டு சொன்னேன்: "சார், எங்கப்பா நெஞ்சுல தூசி ஏறித்தான் செத்தாரு. இவுளுக்கு எக்ஸ்ரே எடுங்க."

எங்கள் லைனில் எக்ஸ்ரே பார்க்கத் தெரியாத பொம்பளை கிடையாது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பொட்டு இருக்கிறதா என்று தேடுவார்கள். புருஷனுக்கு, அப்பனுக்கு, அண்ணனுக்குப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். பொட்டு இருந்தால் வியாதி. இல்லையென்றால் எழுந்து ஷிஃப்டுக்குப் போ. எங்களுக்கு வியாதி என்றால் ஃபிலிமில் விழ வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் ஃபிலிமை உருவி ஜன்னலில் பிடித்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். அவளைக் கட்டிப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். "ஒண்ணும் இல்லடி, உனக்கு ஒண்ணுமே இல்ல," என்றேன். அவள் என் கைக்குள் மரக்கட்டை மாதிரி நின்றாள்.

டாக்டர் நல்ல மனுஷர். அவளைத் தனியாகக் கூப்பிட்டு கொஞ்ச நேரம் பேசினார். பிறகு என்னிடம், "நெஞ்சு நல்லாருக்கும்மா. ஆனா புள்ள சொல்றத கேட்டா இது மனசு சம்பந்தப்பட்டது. இந்த டாக்டர போய் பாருங்க. லேட் பண்ணாதீங்க," என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டேன். சீட்டை மடித்து எக்ஸ்ரே கவருக்குள் போட்டேன்.

ஆட்டோவில் வரும்போது கேட்டாள்: "அம்மா, அந்த சீட்டு?"

"பாத்துக்கலாம் வா. மொதல்ல கர்த்தருக்கு நன்றி சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் சாட்சி சொன்னது. சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், அப்படியாவது என் புத்திக்கு உறைக்கட்டும். "என் பொண்ணு ரெண்டு மாசமா மூச்சு முட்டுது மூச்சு முட்டுதுன்னு அழுதா. காலேஜ்ல மயங்கி உக்காந்துட்டா. மென்டல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போன்னுகூட கேட்டா. பிசாசு அவ மனசுல அப்பிடி ஒரு பயத்த வெச்சான். எங்கப்பாவ கொண்டுபோன அந்த வியாதி என் பொண்ணுக்கும் வந்துச்சோன்னு நான் துடிச்சேன். ஆனா கர்த்தர் அவ நெஞ்ச சுத்தமா வெச்சிருந்தாரு. எக்ஸ்ரேல ஒரு பொட்டு இல்ல." சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. எனக்குப் புல்லரித்தது. நான் உட்காரும்போது அவள் காது ரெண்டும் சிவந்திருந்தன. அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் அதே சர்ச்சில் பின் பெஞ்சில் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு அவள் தலையில் கை வைத்தார்கள். ஒருத்தி என் காதில், "வயசுப் பொண்ணு, மனசுல யாரையாச்சும் வெச்சினுகீதா பாரும்மா," என்றாள். காதில்தான் சொன்னாள். ஆனால் அவள் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல்.

வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் உன்கிட்ட மட்டும்தானேம்மா சொன்னேன்."

"நல்லதத்தானே சொன்னேன்? நாலு பேர் ஜெபம் பண்ணுவாங்க இல்ல?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பஸ் போன பிறகு ரோட்டைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "சரிம்மா," என்றாள். அதற்குப் பிறகு மூச்சு முட்டுகிறது என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

நானாகக் கேட்டாலும், "ஒண்ணும் இல்லம்மா." சாப்பாட்டைப் பாதியில் வைத்தாலும் ஒண்ணும் இல்லம்மா. கண் வீங்கியிருந்தாலும் ஒண்ணும் இல்லம்மா. போனைத் திருப்பிக் கொடுத்தோம், வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். நானோ சந்தோஷத்தில் மிதந்தேன். ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்களுக்கு உபதேசம் வேறு செய்தேன்: "இந்தக் காலத்துப் புள்ளைங்க எதுக்கெடுத்தாலும் டிப்ரெஷன்னுவாங்க. எடம் கொடுக்கக்கூடாது. எங்க வீட்ல பாருங்க, ரெண்டே மாசம், எல்லாம் க்ளியர்." என் முதுகு எனக்கு எங்கே தெரிந்தது?

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு காலை அவள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு பின்னாலேயே விரைந்தேன். பஸ் ஸ்டாப் மேட்டில் இருக்கிறது, நைனா ஏறிய அதே ரோடு. அவளைப் பாதி வழியில் பார்த்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன்.

அவள் நின்றாள். குனிந்தாள். செருப்பைச் சரிசெய்தாள்.

காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் நிமிரவில்லை. காலை நுழைத்துப் போடுகிற சாதாரணச் செருப்பு அது. அதில் சரிசெய்ய வாரும் கிடையாது, பக்கிளும் கிடையாது. ஒரு கையை முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து, காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். நைனா செத்துப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவர் அங்கே குனிந்து நின்றதை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

ஐயோ, ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா என்று இத்தனை நாள் என் காதில் விழுந்தது யாருடைய பேச்சு? அதே சொல், அதே இழுப்பு. ஒருத்தர் முடியாமல் இருந்துகொண்டு ஒண்ணும் இல்லை என்றார், நம்பினோம். இவள் முடியவில்லை என்று வாயைத் திறந்து சொன்னாள், அதை நம்பவில்லை. இவளும் ஒண்ணும் இல்லை என்று சொன்ன பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அது போன பிறகு ரோட்டை விட்டு இறங்கி, முள்ளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். அது எங்கே போகிறது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பழைய ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் ஆள் இறங்கிய ஆழக்குழி. மூடி, சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் ஷாஃப்ட் ஷாஃப்ட்தான். டிபன் பாக்ஸ் எங்கே விழுந்தது என்று தெரியாது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடியிருக்கிறேன்.

சுவருக்கு வெளியே, உடைந்த சிமென்ட் மேடையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க இன்னா பண்றே?"

திடுக்கிட்டு எழுந்தாள். "ஒண்ணும் இல்லம்மா."

எனக்குப் பயம் வந்தால் கைதான் முதலில் நீளும். அடித்துவிட்டேன். கன்னத்தில் ஓங்கி ஒன்று. அவள் அழவில்லை. நான்தான் அங்கே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"எத்தினி நாளா இங்க வரே?"

"தசரா லீவுக்கு அப்புறம். காலேஜ்ல எல்லாரும் எக்ஸ்ரேன்னுதான் கூப்புடறாங்கம்மா. இங்க யாரும் கூப்புட மாட்டாங்க."

பின் பெஞ்சில் இருந்த அந்த நாலு பிள்ளைகள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தார்கள். பிறகு சுவரைக் காட்டி நான் ஒரு கேள்வி கேட்டேன். எந்தத் தாயும் கேட்கக்கூடாத கேள்வி, ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அவள் இரண்டே வாக்கியத்தில் பதில் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது. அதைக் கேட்டதிலிருந்து இன்றுவரை நான் ஒரு வாய் சோற்றையும் ருசித்துச் சாப்பிட்டதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ரூமுக்குள் போனாள், டின் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க நாங்கள் வாழ்ந்தது வாழ்க்கையில்லை. வீட்டுக்காரர் லீவு போட்டார். முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். நாலு ஸ்க்ரூ. அவர் கட்டிய கதவு, அவர் வைத்த தாழ்ப்பாள். அரை மணி நேரம் ஆனது. கழற்றி முடித்துவிட்டு என்னிடம், "நாம இன்னா கொற வெச்சோம்?" என்றார். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரே கவரைத் தேடி எடுத்தேன். சீட்டு வைத்த இடத்திலேயே, வைத்த மடிப்பிலேயே இருந்தது. அதில் எழுதியிருந்த டாக்டருக்கு போன் போட்டேன். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அழைத்து வாருங்கள் என்றார். அவள் வந்தால்தானே?

"பேடாம்மா," என்றாள். வேண்டாம் என்பதற்கு இங்கே பிள்ளைகள் கன்னடத்தில்தான் சொல்வார்கள். "நான் அங்க பேசுவேன். நீ வெளிய நின்னு கேப்பே. அடுத்த ஞாயித்துக்கெழம மைக்ல சொல்லுவே."

"சொல்லமாட்டேன்டி. சத்தியமா சொல்லமாட்டேன்."

"நீ சொல்லுவேம்மா."

மாறி மாறிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோவேன், ரெண்டு கை சாப்பிட்டிருப்பாள். கெஞ்சினேன். காலில் விழாத குறை. ஒரு முறை கத்தவும் கத்தினேன், பழக்கதோஷம். அவர் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றார். தூக்கிக்கொண்டு போகலாம், வாயை யார் திறப்பது? என் பிள்ளை என் கண் எதிரில் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் கரைந்துகொண்டிருந்தாள். அவளை வெளியே கொண்டுவர ஒரே ஒரு சாவி இருந்தது, நம்பிக்கை. அதை நானே மைக்கில் போட்டு உடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "நான் இன்னா பண்ணா நீ நம்புவே?" என்றேன்.

"சொன்னத திருப்பி வாங்க முடியுமா உன்னால?" என்றாள்.

எங்கள் சபையில் சாட்சியைத் திருப்பி வாங்கினவர்கள் கிடையாது. குணமானது என்று சொன்ன மூட்டுவலி திரும்ப வந்தால்கூட வாயை மூடிக்கொண்டு நொண்டுவார்கள். கர்த்தர் செய்ததை இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? நானோ நாலு பேர் மெச்சவே வாழ்ந்தவள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று மற்றவர்களுக்குச் சொல்வேனே தவிர, அந்த வாய்க்குப் பயந்தே பாதி வயதைக் கழித்தவள்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குப் பருப்பு போட்டுவிட்டு, அவரைக் கதவுக்குக் காவல் வைத்துவிட்டுத் தனியாகப் போனேன். சர்ச் எங்கள் லைனுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மேலே கட்டிய குழாய் ஸ்பீக்கரில் உள்ளே தும்மினால்கூட லைன் முழுக்கக் கேட்கும். சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். மைக் கைக்கு வந்ததும், இந்த நீளமான வாய் ஒட்டிக்கொண்டது.

"போன தபா நான் சொன்னது பொய்ச்சாட்சி," என்றேன்.

விசிறிச் சத்தம் மட்டும்.

"எக்ஸ்ரேல பாத்தத சொன்னேன். என் பொண்ணு என்கிட்ட சொன்னத நான் கேக்கவே இல்ல. அவளுக்கு வலி இருந்துச்சு. இல்லன்னு நான் இங்க வந்து சொன்னேன். அவ என்னை நம்பிச் சொன்னத உங்க எல்லார் முன்னாலயும் போட்டு ஒடச்சேன். அதுக்கு பிசாசு ஒண்ணும் காரணம் இல்ல. நான்தான். அவள யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. கேக்கணும்னா என்னக் கேளுங்க."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் அவசரமாகப் பாட்டு எடுத்துக் கொடுத்தார். பாட்டு முடிகிற வரைக்கும்கூட நான் நிற்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். முதுகு முழுக்கக் கண்கள்.

வீட்டுக்கு வந்தால் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "லைன் மொத்தம் கேட்டுச்சு," என்றார். பிறகு நகர்ந்து வழி விட்டார்.

சாம்பாரைக் கூட்டி அடுப்பில் ஏற்றிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் டின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். முதுகைக் கதவில் சாய்த்தேன். எனக்குப் பேச எதுவும் மிச்சமில்லை. வாழ்நாளில் முதல் தடவை.

"கேட்டுச்சா?" என்றேன் கடைசியில்.

"ம்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு என் முதுகில் லேசாக அழுந்தியது. அவளும் அந்தப் பக்கம் வந்து சாய்ந்திருக்கிறாள். அவள் மூச்சு கேட்டது. வேகமாக, அரைகுறையாக, பாதியிலேயே அறுந்து அறுந்து. எக்ஸ்ரேயில் விழாத மூச்சு.

"அம்மா," என்றாள்.

"சொல்லுடா."

"மூச்சு முட்டுதும்மா."

வெந்நீர் வைக்க என் கால் தானாக எழுந்தது. மடக்கி மறுபடி உட்கார்ந்தேன். ஆடி மாதத்தில் அவள் சொன்ன அதே வார்த்தை. ஒண்ணும் இல்லை என்று சொல்லாமல், முட்டுகிறது என்று சொன்னாளே. என் பிள்ளை இன்னும் இருக்கிறாள், என்னிடம்தான் சொல்கிறாள்.

"எப்படி முட்டுது? எங்கேந்து ஆரம்பிக்குது? நான் கேக்கறேன், நீ மெதுவா சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சமையல்கட்டிலிருந்து சாம்பார் தீய்கிற வாசனை வந்தது. அவர் எழுந்து வந்து நிறுத்தப் போனார். வேண்டாம், சத்தம் போடாதீங்க என்று கையால் காட்டினேன். தீயட்டும்.